ஆறங்குலத் திரையில் ஜக்கார்டு கிராப்: பெரிய படத்தை இணையப் பாடத்தில் எப்படிக் காட்டுவது?

சேலம் அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் தயாரித்த ஜக்கார்டு வடிவமைப்புப் பாடத்தின் நான்காம் பக்கம் அதில் திறந்திருந்தது. "தம்பி, இந்தக் கரையில் மயில் கழுத்து எத்தனையாவது கட்டத்தில் தொடங்குகிறது? நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்" என்றார். எண்ணப் பார்த்தேன். பதினொன்று வரை போனேன். அதற்குமேல் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டன.

ஜக்கார்டு என்பது, ஓட்டையிட்ட அட்டைகளின்படி கொக்கிகளால் பாவு நூலைத் தூக்கித் துணியில் வடிவம் நெய்ய வைக்கும் தறிப் பொறி. அந்த வடிவத்தைக் கட்டம் கட்டமாக எழுதிய தாள்தான் கிராப். இது 240 கொக்கி ஜக்கார்டுக்கு எழுதிய கிராப். குறுக்கே 240 கட்டம், நெடுக்கே 600 வரி. கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கட்டத்துக்குக் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் கிடைக்கிறது. கிராப்பில் ஒரு வரி என்பது ஓர் அட்டை. வண்ணமிட்ட ஒரு கட்டம் என்பது அந்த அட்டையில் ஓர் ஓட்டை. ஓர் ஓட்டை இடம் மாறினால், அட்டைச் சங்கிலி சுற்றி வரும்போதெல்லாம் துணியில் அதே பிசகு விழும், சேலை முழுக்க. என் பாடத்தில் எழுத்துப் பிழை இல்லை, குரல் தெளிவாக இருந்தது, கடைசியில் வினாடி வினாகூட உண்டு. படம் மட்டும்தான் யாருக்கும் உதவவில்லை.

அதற்குப் பிறகு சேலத்திலும் ஏற்காட்டிலும் பயிற்சி தருகிற பலர் இதே சிக்கலோடு வந்தார்கள். ஜவ்வரிசி ஆலையின் செயல்முறை வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தவித்தார். காப்பி எஸ்டேட்டின் நில வரைபடத்தோடு இன்னொருவர் வந்தார். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: முழுப் படத்தையும் ஒரே பக்கத்தில் வைப்பதா, விரலால் பெரிதாக்கும் வசதி தருவதா, வெட்டித் துண்டாக்குவதா, காணொளியாக்குவதா, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவதா? இந்த மூன்று படங்களையும் உரைகல்லாக வைத்து ஒவ்வொரு வழியையும் உரசிப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பார்ப்பவரின் கண் அந்தப் படத்தில் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது. இதைக் கேட்காமல் மென்பொருளைத் தேடிப் போவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. நானும் அதைத்தான் செய்தேன். கிராப்பில் கண் எண்ணுகிறது. ஆலை வரைபடத்தில் கண் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது: கிழங்கு எங்கே நுழைகிறது, மாவுப்பால் எந்தக் குழாயில் போகிறது, மாவுப்பால் வடித்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி எந்தப் பக்கம் வெளியேறுகிறது. எஸ்டேட் வரைபடத்தில் கண் தேடுகிறது: நிழல் குறைந்த பிளாக் எது, அது ஓடைக்கு எவ்வளவு தொலைவு. எண்ணுதல், தொடர்தல், தேடுதல் ஆகிய மூன்றுக்கும் ஒரே வழி பொருந்துவதில்லை.

இரண்டாவது, பார்க்கும் இடமும் கருவியும். வடிவமைக்கிறவருக்கு 24 அங்குலத் திரை இருக்கும். கற்கிறவருக்குத் தறியின் ஓரத்தில் சாய்த்து வைத்த கைப்பேசிதான். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்து எஸ்டேட்டுக்குள் இறங்கினால், பல இடங்களில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கும்.

மூன்றாவது, எடை. இதில் பலருக்கும் தெரியாத ஒரு பொறி உண்டு. ஏ1 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 7,016க்கு 9,933 பிக்சல் வரும். பெருக்கினால் கிட்டத்தட்ட 7 கோடி. ஜேபெக் கோப்பாகச் சுருக்கினால் சில எம்பிதான் இருக்கும். "சின்னக் கோப்புதானே" என்று தோன்றும். ஆனால் திரையில் காட்டுவதற்காகக் கைப்பேசி அதை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 280 எம்பி நினைவகம் வேண்டும். விலை குறைந்த கைப்பேசி அந்த இடத்தில் திணறும். சில சமயம் பக்கமே மூடிக்கொள்ளும்.

நான்காவது, திருத்தம். படம் மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? ஐந்தாவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன மிஞ்சும்? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் பெண்களைவிட ஆண்களில் அதிகம். கிராப்பில் ஜரிகைக்குச் சிவப்பு, பட்டுக்குப் பச்சை என்று போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

## முழுப் படமும் ஒரே பக்கத்தில்

எல்லாவற்றிலும் எளியது, எல்லாரும் முதலில் செய்வது. ஒட்டுமொத்த வடிவமே செய்தியாக இருக்கும்போது இதைவிட நல்ல வழி இல்லை. எஸ்டேட் மலைச்சரிவின் எந்த முகத்தில் கிடக்கிறது, ஆலையில் வேலை எத்தனை படிகளில் நடக்கிறது என்பதற்கெல்லாம் இது போதும்.

ஆனால் சுருக்கிய படம் வேறு, சுருக்கமான படம் வேறு. மூலப் படத்தை அப்படியே குறுக்கி ஒட்டுவது சுருக்கிய படம். தேவையற்ற கோடுகளை நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, புதிதாக வரைவது சுருக்கமான படம். இரண்டாவதற்கு ஒரு நாள் உழைப்பாவது வேண்டும்; இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு அதுதான். கோட்டுப் படமாக இருந்தால் எஸ்விஜி அல்லது பிஎன்ஜி கோப்பாக வையுங்கள். ஜேபெக்கில் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற புள்ளிகள் வரும்.

## விரலால் பெரிதாக்கும் படம்

கைப்பேசி வரைபடங்களில் ஊரைப் பெரிதாக்கிப் பார்க்கிறோமே, அதே உத்தி. பெரிய படத்தைப் பல மட்டங்களில் சிறு சதுரங்களாக நறுக்கி வைத்துவிட்டு, பார்க்கிற பகுதியின் சதுரங்களை மட்டும் இறக்கிக் காட்டும். ஓப்பன்சீட்ராகன், லீஃப்லெட் போன்ற இலவசத் திறமூல நிரல்கள் இதைச் செய்கின்றன. 280 எம்பி நினைவகச் சிக்கல் இதில் தீர்ந்துவிடுகிறது.

எஸ்டேட் வரைபடத்துக்கு இது அருமையாகப் பொருந்தியது. தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் அராபிகா செடிகளைத்தான் அதிகம் நாடும். ஆகவே மேற்பார்வையாளர் நிழல் குறைந்த இடங்களை வரைபடத்தில் தேட வேண்டும். சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தையும் வெறிச்சோடிய இடத்தையும் ஒப்பிட வேண்டும். இப்படி உலவிப் பார்க்கிற வேலைக்கு இந்த வழி தோதானது.

கிராப்புக்கோ இது பெரும் தோல்வி. கணக்கைப் பாருங்கள். விரல் வைத்து எண்ண வேண்டுமானால் ஒரு கட்டம் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அப்போது திரையின் குறுக்கே 16 கட்டம், நெடுக்கே சுமார் 30 வரி தெரியும். முழுக் கிராப்பையும் கடக்கக் குறுக்கே 15 திரை, நெடுக்கே 20 திரை, ஆக 300 திரை. எத்தனையாவது திரையில் நிற்கிறோம் என்பதை யார் நினைவில் வைத்துக்கொள்வது? சாவித் துவாரத்தின் வழியாக வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போன்ற வேலை.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. நான் சொன்ன ஏ1 படத்தை 256 பிக்சல் சதுரங்களாக நறுக்கினால் எல்லா மட்டங்களும் சேர்ந்து சுமார் 1,470 கோப்புகள் வரும். பயிற்சித் தளத்தில் ஏற்றும்போது இவ்வளவு கோப்புகளை ஏற்றுக்கொள்ளுமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இணையம் இல்லாத இடத்தில் சதுரங்கள் வராமல் பாதிப் படம் வெள்ளையாக நிற்கும். பக்கத்தை மேலே தள்ள விரல் வைத்தால் படம் நகரும். படத்தை நகர்த்தப் போனால் பக்கம் ஓடும். இந்த இழுபறிக்கு ஒரே மருந்து, படத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிதாக்கும் வசதியைக் கொடுத்தவுடன் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வசதி உதவும். அது தெரியாததால்தானே பயிற்சிக்கு வருகிறார்கள். அதனால் படத்துக்கு மேலே "நிழல் குறைந்த பிளாக்", "ஓடைக் கரை" என்று நான்கைந்து பொத்தான்கள் வைத்தேன். தொட்டால் படம் அந்த இடத்துக்கே போய் நிற்கும். முழுப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் சிறு கட்டத்தையும் மூலையில் வைத்தேன். இவை இரண்டும் இல்லாமல் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

## துண்டுகளாக வெட்டி, மூலையில் முழுப்படம்

என் மனத்துக்குப் பிடித்த வழி இது என்பதை ஒளிக்கப்போவதில்லை. ஜவ்வரிசி ஆலை வரைபடத்தை இப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டு பெரிதாக. மூலையில் முழு வரைபடத்தின் குட்டி உரு, அதில் இப்போது பார்க்கும் பகுதி மட்டும் வண்ணத்தில்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். முதலில் நான் ஆறு சம துண்டுகளாக வெட்டினேன். மாவு படியும் தொட்டி நடுவில் இரண்டாகப் பிளந்து, பாதி மூன்றாம் பக்கத்திலும் பாதி நான்காம் பக்கத்திலும் போய் விழுந்தது. ஆலைப் பொறியாளர் சிரித்துவிட்டு, வேலை எங்கே கைமாறுகிறதோ அங்கே வெட்டச் சொன்னார். கழுவித் தோல் சீவுவது ஒரு துண்டு. அரைத்துச் சல்லடையில் மாவுப்பாலை வடிப்பது ஒரு துண்டு. திப்பி பிரிவதும் இங்கேதான். தொட்டியில் மாவு படிவது ஒன்று. படிந்த ஈர மாவை உதிர்த்துக் குலுக்கி மணியாக்குவது ஒன்று. வறுப்பதும் களத்தில் காயவைப்பதும் ஒன்று. மெருகேற்றிச் சலிப்பது கடைசி. துண்டுகள் ஆறுதான், ஆனால் அளவில் சமமில்லை. அரைக்கும் பகுதியில் குழாய்கள் நெருக்கம் என்பதால் அதற்கு இரண்டு பக்கம் எடுத்தேன்; மெருகேற்றும் பகுதி அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

இந்த வழியின் செலவு, வெட்டுக்கோட்டைத் தாண்டிப் போகும் அம்புக்குறிகள். மாவுப்பால் போகும் குழாய் இரண்டாம் துண்டின் விளிம்பில் அறுந்து நிற்கும். அடுத்த பக்கத்தில் எந்தக் கோடு அதன் தொடர்ச்சி என்று கற்பவர் மனத்துக்குள் ஒட்டுப்போட வேண்டும். கவனம் இரண்டு இடத்தில் பிளந்து நின்றால் கற்றல் தடுமாறும் என்பதை ஜான் ஸ்வெல்லர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். அறுந்த ஒவ்வொரு முனையிலும் ஓர் எழுத்தைப் பொறித்து, அடுத்த துண்டின் தொடக்கத்தில் அதே எழுத்தை வைத்தேன். இரண்டு துண்டுக்கும் பொதுவாக ஒரு விரற்கடை அகலப் பகுதியை இரண்டிலும் காட்டினேன். பஸ் மாறுகிறவருக்கு நிறுத்தத்தின் பெயர் தெரிந்தால் போதும் அல்லவா?

திருத்தம் வந்தால் கொஞ்சம் அழ வேண்டியிருக்கும். ஒரு தொட்டி கூடினால் அந்தத் துண்டு, ஏழு பக்கத்துக் குட்டி உருக்கள், முழுப்படம் எல்லாம் மாற வேண்டும்.

## தொட்டால் விளக்கம் வரும் புள்ளிகள்

படத்தின் மேல் புள்ளிகள் வைத்து, தொட்டால் விளக்கப் பெட்டி திறப்பது. எச்5பி போன்ற இலவசக் கருவியில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஓர் இயந்திரத்தின் பாகங்களுக்குப் பெயர் சொல்ல நல்ல வழி.

விரலுக்கு இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். இணைய அணுகல் நெறிகள் கூறும் வசதியான தொடுபரப்பு 44க்கு 44 பிக்சல். 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசித் திரையில் குறுக்கே எட்டு வைத்தால் படமே மறைந்துவிடும். ஒரு படத்துக்கு ஆறு, ஏழு புள்ளிகளுக்கு மேல் வேண்டாம். தேர்வுக்கு வேண்டிய செய்தியைப் புள்ளிக்குள் ஒளிக்கவும் வேண்டாம். மூன்றைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

## குரலோடு நகரும் காணொளி

படத்தின் மேல் கேமரா நகர்வது போலவும் நெருங்குவது போலவும் செய்து, குரலில் விளக்குவது. முதன்முறை பார்க்கிறவருக்கு இதற்கு ஈடில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் குரலே கைப்பிடித்துக் காட்டிவிடுகிறது. கிராப்பை எப்படி வாசிப்பது, எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் நான்கு நிமிடக் காணொளி அழகாகச் சொல்லியது.

ஆனால் வேலைக்கு நடுவே திரும்பிப் பார்க்க அது உதவாது. 412-ஆம் வரியைக் காண, காணொளியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருக்க முடியுமா? நுணுக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. 1080 வரிக் காணொளியின் ஒரு சட்டகத்தில் 20 லட்சத்துச் சொச்சம் பிக்சல்தான். மூலப் படத்திலோ 7 கோடி. அதோடு, வழக்கமான காணொளிச் சுருக்க முறைகள் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கின்றன. கிராப்பின் மெல்லிய சிவப்புக் கோடுகள் மாலைத் தூறலில் நனைந்த கோலம்போல் கரைந்து தெரிந்ததன் காரணம் இதுதான். கோட்டைக் கறுப்பாகவோ அடர் நீலமாகவோ மாற்றித் தடிப்பாக்கிய பிறகு சரியானது. நேரலை வகுப்பில் திரையைப் பகிர்ந்தால் இணைய வேகத்துக்கு ஏற்பத் தெளிவு இன்னும் குறையும்.

திருத்தம் வந்தால் குரலையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும் படத்தைக் காணொளியாக்குவது வீண்.

## அச்சடித்த தாள்

இணையப் பயிற்சியில் அச்சா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எண்ணுகிற வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதே என் அனுபவம். தாளின் மேல் அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கலாம். முடிந்த வரிக்குப் பென்சிலால் குறியிடலாம். எந்தத் திரையிலும் இந்தச் சுகம் கிடையாது.

கட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் கணக்கிட்டேன். ஏ3 தாளின் 297 மில்லிமீட்டர் அகலத்தில் 120 கட்டம் தாராளமாக அடங்கும். 420 மில்லிமீட்டர் நீளத்தில் 200 வரி. முழுக் கிராப்புக்கு ஆறே தாள். கைப்பேசியில் 300 திரை, இங்கே ஆறு தாள்.

மறைந்திருக்கும் செலவு ஜெராக்ஸ் கடையில் காத்திருக்கிறது. பிடிஎஃப் கோப்பைத் தாளுக்குப் பொருத்தி அச்சிடு என்று அங்கே ஒரு விருப்பம் தானாகவே தேர்வாகியிருக்கும். 2 மில்லிமீட்டர் கட்டம் 1.9 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் அளவுக்கோடு போடுங்கள். அடிக்கோலை வைத்துப் பார்த்தால் சுருங்கியதா என்று தெரிந்துவிடும். திருத்திய தேதியையும் மூலையில் எழுதுங்கள். பழைய தாளும் புதிய தாளும் ஒரே தறியில் கலந்துபோனால் அட்டை அடிக்கிறவர் நம்மைச் சும்மா விடமாட்டார்.

## ஒரே பார்வையில்

| வழி | எண்ண | தொடர | தேட | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| ஒரே பக்கம் | ஆகாது | மேலோட்டமாக | மேலோட்டமாக | புதிதாக வரையும் உழைப்பு |
| பெரிதாக்கும் படம் | ஆகாது | சுமார் | மிக நன்று | ஆயிரக்கணக்கான கோப்புகள், இணையத் தேவை |
| துண்டுகள் | சுமார் | மிக நன்று | சுமார் | அறுந்த கோடுகள், பல இடத் திருத்தம் |
| தொடு புள்ளிகள் | ஆகாது | ஆகாது | நன்று | பார்க்கப்படாமல் போகும் விளக்கங்கள் |
| காணொளி | ஆகாது | நன்று, முதன்முறைக்கு | ஆகாது | மறுபதிவு, கரையும் நிறக் கோடுகள் |
| அச்சுத் தாள் | மிக நன்று | நன்று | நன்று | சுருங்கும் அளவு, பழைய பிரதிகள் |

## நான் எடுத்த முடிவுகள்

ஆலை வரைபடத்துக்குத் துண்டுகள், கூடவே முழுப்படத்தின் பிடிஎஃப். எஸ்டேட்டுக்குப் பெரிதாக்கும் படம். மலையில் இணையம் கைவிடும் நேரத்துக்காக, முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ள ஓர் எளிய பிரதி. கிராப்புக்குக் காணொளி ஒன்று, ஏ3 தாள் ஆறு. திரையில் கிராப்பின் முழு உருவம் அடையாளத்துக்கு மட்டும்.

இப்படிக் கலக்கும்போது ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் உருவாகும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம். எல்லாவற்றையும் அடுக்குகள் கொண்ட ஒரே எஸ்விஜி மூலத்திலிருந்து எடுங்கள். அடுக்கை மறைத்தும் காட்டியும் துண்டு, அச்சு, காணொளிச் சட்டகம் மூன்றையும் அதிலிருந்தே பெறலாம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சொற்களாலான விளக்கமும் வையுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். மற்றவர்களும் படத்தைவிட அதை அதிகம் படிப்பதைக் கண்டிருக்கிறேன். நிறத்தோடு குறியும் சேருங்கள்: ஜரிகைக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, பட்டுக் கட்டத்தில் ஒரு புள்ளி.

ஆறு தாளையும் எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போனேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடிக்கோலை வைத்து மேலிருந்து வந்தார். மயில் கழுத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். பிறகு தாளைத் தள்ளிவைத்து, "எல்லாம் சரி தம்பி, தடித்த கோட்டை ஏன் பத்துக்குப் பத்தாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்றார். எண்ண எளிதாக இருக்கும் என்று பத்து வைத்தேன் அண்ணா என்றேன். "உங்களுக்குப் பத்து எளிது. அட்டை அடிக்கிறவன் எட்டெட்டாகத்தான் எண்ணுவான்."

240ஐ எட்டால் வகுத்தால் 30. 600ஐ வகுத்தால் 75. தாளுக்கு 120 கட்டம், 200 வரி என்றாலும் எட்டில் மீதமின்றி அடங்குகிறது. கோடுகளைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன்.